ஏழு வருட ஆன்லைன் பேக்கப்: திருப்பி எடுத்தபோது தெரிந்தவை

அப்பாவின் குரல் எங்களிடம் மொத்தம் பதினோரு மணி நேரம் இருக்கிறது. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கிய இரவைப் பற்றி அவர் சொல்வது அதில் ஒரு ஃபைல். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். "அது அடங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா காத்திருப்பார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவர் போன பிறகு, 2018 தொடக்கத்தில் ஒருநாள், இதெல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது என்பது உறைத்தது. அன்று இரவே ஆன்லைன் பேக்கப் தேட உட்கார்ந்தேன்.

"கூகுள் டிரைவ் இருக்கே, தனியா எதுக்குக் காசு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை சிங்க் வேலை செய்பவை, அதாவது கணினியில் இருப்பதையும் இணையத்தில் இருப்பதையும் எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பவை. சிங்க் ஆகும் ஃபோல்டரில் ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். குழந்தை கை தவறி அழித்த ஃபோல்டரை நாம் ஆறு மாதம் கழித்துத்தான் தேடுவோம். பேக்கப் சேவை என்றால் கணினியில் இருப்பதைத் தனியாகப் பிரதி எடுத்து, பழைய பதிப்புகளையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

நான் தேடிய நேரத்தில் பலரும் கிராஷ்பிளான் என்ற பேக்கப் சேவையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பயனர்களுக்கான சேவையை நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் 2017 ஆகஸ்டில் அறிவித்திருந்தது. விலையும் நிலையாக இருப்பதில்லை. ஆரம்பத்தில் மாதம் 5 டாலராக இருந்த பேக்பிளேஸ் என்ற இன்னொரு பேக்கப் சேவை, 2023 அக்டோபரில் 9 டாலர் ஆனது. சேவைகள் மூடும், விலை ஏறும், விதி மாறும். நான் எடுத்த சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை. எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

அப்போது எங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகம் 2 எம்பிபிஎஸ். என்னிடம் இருந்தது 700 ஜிபி. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை மட்டும் ஓடவிட்டேன். முடிய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. முதலில் குரல் பதிவுகள், அடுத்து ஸ்கேன் செய்த பத்திரம், பட்டா, அப்புறம் படங்கள், கடைசியில் வீடியோ என்று வரிசை வைத்ததுதான் நான் செய்த நல்ல காரியம். இன்றைய ஃபைபர் இணைப்பில் 100 எம்பிபிஎஸ் பதிவேற்றம் கிடைத்தால் இதே 700 ஜிபி ஒரே நாளில் ஏறிவிடும். வேகத்தைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கும் விதிகளைப் பற்றி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை 30 நாள் கணினியில் சொருகாமல் இருந்தால், அதன் பிரதியைச் சர்வரிலிருந்து நீக்கிவிடுவோம் என்பது என் சேவையின் விதி. 2019-ல் ஒரு டிஸ்க் பீரோவிலேயே இருந்துவிட்டது. நாற்பதாவது நாள் சொருகிப் பார்த்தால் எல்லாமே முதலிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது! டிஸ்க் நன்றாக இருந்ததால் தப்பித்தோம். பழைய பதிப்புகளுக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. சில சேவைகள் நாள் கணக்கு வைக்கும். ஐடிரைவ் போன்றவை ஒரு ஃபைலுக்கு 30 பதிப்பு என்று எண்ணிக்கை வைக்கும். என் சேவையில் இந்தக் கெடுவை நான் கூடுதல் பணம் கட்டி ஓராண்டாக மாற்றிக்கொண்டேன்.

பணம் கட்டுவதிலும் ஒரு சிக்கல் வந்தது. கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வாடிக்கையாளர் ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும், பணம் எடுக்கும் முன் தெரிவிக்க வேண்டும். நமக்கு நல்ல விதிதான். ஆனால் வெளிநாட்டுச் சேவைகள் பலவும் அதற்குத் தயாராக இல்லை. நவம்பரில் என் சந்தா புதுப்பிக்கப்படாமல் நின்றது. எச்சரிக்கை மின்னஞ்சல் விளம்பரங்களோடு சேர்ந்து கிடந்தது. கணக்கு மூட நான்கு நாள் இருக்கும்போது கண்ணில் பட்டது. அதிலிருந்து நானே உட்கார்ந்து இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுகிறேன். டாலர் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி, கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டையும் கூட்டிக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

சரி, உண்மையான சோதனைக்கு வருகிறேன். 2022 ஜூலையில் ஒருநாள் காலை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் கணினிக்கு அந்த டிஸ்க்கே தெரியவில்லை. கை நடுங்கத்தான் செய்தது. சேவையின் தளத்தில் நுழைந்து, தேவையான ஃபோல்டர்களைக் குறித்துக் கேட்டேன். ஜிப் ஃபைல்களாகக் கட்டித் தர ஐந்து மணி நேரம். இறக்க மூன்று நாள். பிரித்தால் பாதியில் பிழை: பாதை, அதாவது ஃபோல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்த முழு முகவரி, மிக நீளமாக இருக்கிறதாம்.

இது தமிழில் பெயர் வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நான் ஃபோல்டர்களுக்கு "2009 மீனாட்சி அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம்" என்ற மாதிரிதான் பெயர் வைப்பேன். மீனாட்சி என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் கணினிக்கு அது எட்டுக் குறி. விண்டோஸில் பழைய வழக்கப்படி முழுப் பாதைக்கும் 260 குறி என்ற வரம்பு உண்டு. விண்டோஸோடு வரும் ஜிப் வசதி அதற்கு மேல் போனால் திணறும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்தால் தமிழ்ப் பெயர்கள் வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் வேறு கணக்கு: ஒரு பெயருக்கு 255 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 85 குறியோடு நின்றுவிடும்.

ஜிப் ஃபைல்களைப் பிரிக்கும் 7-ஜிப் என்ற மென்பொருளை நிறுவி, டிரைவின் மேல்மட்டத்திலேயே ஓரெழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் பிரித்தேன். எல்லாம் வந்தது. முதலில் திறந்தது அந்தப் புயல் ஃபைலைத்தான். குக்கர் விசில் வந்தது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைசி வரை கேட்டோம்.

ஒரு ஃபைலும் குறையவில்லை என்பதற்காக அந்தச் சேவைக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பெயர் சிக்கலை முதல் வருடமே ஒரு ஃபோல்டரைத் திருப்பி எடுத்துப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். சந்தா எடுக்க நினைப்பவர்கள் இலவசச் சோதனைக் காலத்திலேயே, உங்கள் நீளமான தமிழ்ப் பெயர் உள்ள ஃபோல்டர் ஒன்றை ஏற்றி, வேறொரு கணினியில் இறக்கிப் பாருங்கள். விலைப் பட்டியலைப் பார்ப்பதை விட இது முக்கியம். நான் இப்போது மாதம் ஒருமுறை ஏதாவது ஒன்றை இறக்கிப் பார்க்கிறேன்.

நம்முடைய சொந்தச் சாவியைப் போட்டுப் பூட்டும் வசதியை நான் எடுத்திருக்கிறேன். அதை மறந்தால் அந்த நிறுவனத்தாலும் திறக்க முடியாது. அதனால் சாவிச் சொற்களைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். மனைவிக்கும் ஒருமுறை முழுதாகத் திருப்பி எடுத்துக் காட்டியாகிவிட்டது.

வருகிற நவம்பரில் சந்தா முடிகிறது. மகளின் மடிக்கணினி லினக்ஸ், என் சேவையில் அதற்கு இடமில்லை. ரெஸ்டிக் என்ற இலவச பேக்கப் மென்பொருளோடு, ஜிபி கணக்கில் வாங்கும் சேமிப்பிடம் ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன். மாறினாலும் பழையதை உடனே நிறுத்த மாட்டேன். புதியதில் எல்லாம் ஏறி, ஒருமுறை இறக்கிப் பார்க்கும் வரை இரண்டும் ஓடும். அதற்கு ஆகும் இரண்டு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.