தோல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது: போட்டோவா, துண்டுச்சீட்டா?

சம்பா நடவு முடிந்த கையோடு அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றிப் படை. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஓ.பி.க்குப் போகலாம் என்றானதும் அக்கா போனில் படம் எடுத்து வைத்தாள்; நான் ஒரு துண்டுச்சீட்டில் விவரம் எழுதினேன். இரண்டும் கூடவே வந்தன. என் ஓட்டு சீட்டுக்குத்தான்.

படத்தைக் குறை சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் தள்ளி ஒன்று, கிட்டத்தில் ஒன்று எடுத்தால் போதும். காணாக்கடிக்கு அதுதான் சாட்சி. அந்தத் தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மன்னார்குடியில் பஸ் ஏறும்போது இருந்தது தஞ்சாவூரில் இறங்கும்போது இருக்காது. அம்மாவின் படை எங்கே ஓடப் போகிறது? டாக்டரம்மா நேரிலேயே பார்த்துவிட்டார்.

அவர் கேட்டது வேறு. "இதுவரைக்கும் என்னம்மா போட்டீங்க?"

"மெடிக்கல்ல கொடுத்த வெள்ளை டியூப்புங்க."

வெள்ளை டியூப் ஆயிரம் இருக்கிறது. நல்லவேளை, சீட்டில் பெயர் இருந்தது: க்ளோபெட்டசால். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய டியூபும் மஞ்சப்பையில் இருந்தது. வீரியமான ஸ்டீராய்டு அது. தடவினால் அரிப்பும் சிவப்பும் சட்டென்று குறையும், ஆனால் படர்தாமரைப் பூஞ்சை சாகாது, உள்ளுக்குள் பரவும். வட்டமும் ஓரமும் கலைந்துவிடுவதால் பார்த்தவுடன் இன்னதென்று சொல்வதும் கஷ்டம். டியூபைப் பார்த்த பிறகுதான் அவர் ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார். எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும், என்ன தடவினோம் என்பது படத்தில் விழாது.

மற்றபடி சீட்டில் எழுத வேண்டியவை: எப்போது, எங்கே ஆரம்பித்தது, சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், வயலில் மருந்தடித்த நாள். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்பதையும் விடாதீர்கள். சொறிசிரங்கா என்று யோசிக்க அது உதவும். அன்று காலையில் மஞ்சளோ வேப்பிலையோ அரைத்துப் பூசிக்கொண்டு போகாதீர்கள், நிறமே மாறிவிடும்.

இதெல்லாம் பெரியவர்களுக்கு வரும் படையை வைத்துச் சொல்வது. கைக்குழந்தை விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது. அங்கே இரண்டையுமே கொண்டுபோவது நல்லது என்று தோன்றுகிறது. உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ சீட்டும் வேண்டாம், படமும் வேண்டாம். நேரே 108-ஐக் கூப்பிடுங்கள்.