மூன்று பேட்டரியும் ஒரு எர்த் ஒயரும்

பட்டுக்கோட்டையில் இருக்கும் நண்பன் ஒருவன், பழைய அம்பாசிடர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டான். போனில் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. "சரிடா, எழுதி அனுப்பு, சாப்பிடப் போறேன்" என்று வைத்துவிட்டான். அனுப்புவதுதான் அனுப்புகிறோம், மற்றவர்களும் படிக்கட்டுமே என்று இங்கே போடுகிறேன்.

எங்களுடையது 1987 மார்க் ஃபோர், பெட்ரோல், அப்பா வாங்கியது. மன்னார்குடிப் பக்கம் கிராமம். அதன் சீட்டு, இடவசதி, மைலேஜ் எல்லாம் ஊருக்கே தெரியும், அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. இரண்டு வருஷமாக என் உயிரை எடுத்தது ஒரே ஒரு சத்தம். சாவியைத் திருப்பினால், எஞ்சினைக் கிளப்பும் மோட்டாரான செல்ஃப் சுற்றாமல் 'டிக்' என்று ஒன்று. மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. அவ்வளவுதான், அதற்கு மேல் வண்டிக்குப் பேச்சு கிடையாது.

இந்தச் சத்தத்தை எங்கே கேட்கக் கூடாதோ அங்கேதான் முதலில் கேட்டேன். நீடாமங்கலம் ரயில்வே கேட். தஞ்சாவூர் திருவாரூர் சாலையில் போகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட் போட்டால் எப்போது திறக்கும் என்பது கேட்கீப்பருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். நல்ல பிள்ளையாக எஞ்சினை அணைத்துவிட்டு, வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். ரயில் போய் கேட் திறந்தது. 'டிக்'. பின்னால் இரண்டு பஸ், ஒரு நெல் லாரி, எண்ண முடியாத பைக்குகள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த வீட்டம்மா இறங்கித் தள்ளினார், அதைப் பற்றி இன்றுவரை அவ்வப்போது எனக்கு நினைவூட்டப்படுகிறது.

அப்புறம் என்ன, எல்லோரும் சொல்வதைத்தான் செய்தேன். பேட்டரி மாற்று. பழைய பேட்டரிக்கு மூன்று வயது முடிந்திருந்தது, போனால் போகட்டும் என்று விட்டேன். புதுசு போட்டதும் ஒரு உதை உதைத்து ஸ்டார்ட் ஆனது, நானும் வென்றுவிட்டதாக நினைத்தேன். எட்டாவது மாதம் அதுவும் படுத்தது. கடைக்குத் தூக்கிப்போனால் கடைக்காரர் ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்து, 1150 தான் காட்டுது சார், இறங்கிக் கிடக்கு, வண்டியை ஓட்டாமலே போட்டு வெச்சிருக்கீங்க, இதுக்கு வாரண்டி வராது என்றார். நான் கத்தினேன். கத்தியதற்காக இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் பேட்டரி இறங்கிக் கிடந்தது என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் யார் இறக்கினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதே வேகத்தில் மூன்றாவது பேட்டரியை என் தலையில் கட்டிவிட்டார், அந்தக் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

இதுபோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான விஷயம் இதுதான், செலவே இல்லாதது. பேட்டரியை முழுசாக சார்ஜ் போட்டு, மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று நாள் விடுங்கள். சும்மா கிடக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எனக்கு மூன்றாம் நாளும் 12.6 தான். அடுத்த முறை டெர்மினலை மாட்டி வைத்து மூன்று நாள். 12.1க்கு வந்துவிட்டது, அதாவது பாதிக்கும் மேல் காலி. ஆக பேட்டரி திருடன் இல்லை. திருடன் வண்டிக்குள்ளேயே இருக்கிறான்.

முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். சாவியை எடுத்துவிட்டு, கதவெல்லாம் மூடி, மைனஸ் கம்பத்துக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகிப் பார்த்தால் 0.4 ஆம்பியர். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளைக்குக் கணக்குப் போடுங்கள், ஒன்பதரை ஆம்பியர்-ஹவருக்கு (ஆம்பியரை மணிக்கணக்கால் பெருக்கினால் வருவது) மேல் வருகிறது. என்னுடையது மொத்தமே 50 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற வண்டிக்கு இது என்ன ஆகும்? கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளிலேயே இது ஐம்பது மில்லி ஆம்பியருக்குள், அதாவது 0.05க்குள், இருக்க வேண்டும் என்பார்கள், இதில் இருப்பதோ விளக்கும் ஹாரனும்தான், சைபர் காட்ட வேண்டாமா? (மீட்டர் செருகியிருக்கும்போது பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பி மீட்டரின் ஃபியூஸைப் போக்கினேன். நீங்கள் போக்காதீர்கள்.)

என் சந்தேகம் முதலில் கஜா ஒயர் மேல் போனது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊரில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, தென்னையெல்லாம் படுத்துக் கிடந்தது. அப்போது இந்த வண்டிப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து வாசலில் பல்பு போட்டோம், தெருவே வந்து செல்போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டது. எஞ்சினை ஓடவிட்டு, சார்ஜ் ஏற்றி, மறுபடி அணைத்து, அந்தக் கொஞ்ச நாள் இந்தக் கிழட்டு வண்டிதான் எங்கள் தெருவுக்கு மின்சார வாரியம். அந்த ஒயர் டேஷ்போர்டுக்குக் கீழே அப்படியே சுருண்டு கிடந்தது. இவன்தான் என்று முடிவு கட்டிப் பிடுங்கி எறிந்தேன். மீட்டர் அசையவில்லை, 0.4. பாவம், வீண்பழி.

அடுத்து எலி. சம்பா அறுப்பு முடிந்தால் வயல் எலியெல்லாம் நேராக எங்கள் கொட்டகைக்குத்தான் குடிவரும். ஹாரன் ஒயரைக் கொறித்து வைத்திருந்தன, சரி செய்தேன். 0.4. ஃபியூஸ்களைப் பிடுங்கினேன், இந்த வண்டியில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான், முக்கியமான லைன்கள் ஃபியூஸையே பார்க்காமல் போகின்றன. அப்போதும் 0.4. கடைசியில், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருந்த தடி ஒயரைக் கழற்றினேன், மீட்டர் சைபரில் போய் உட்கார்ந்தது. உள்ளே இருக்கும் டயோடு ஒன்று கசிந்திருக்கிறது. கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடவேண்டியவன், ராத்திரியெல்லாம் திருப்பி விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பகலில் சார்ஜும் போட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா காலத்தில் டைனமோதான் இருந்தது, ஐடிலிங்கில் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று நான்தான் அடம்பிடித்து ஆல்டர்னேட்டர் போட வைத்தேன், அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். டயோடு பிளேட்டு மாற்ற எண்ணூறு ரூபாய். இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நாலாவது ஞாயிறு, பேட்டரி 12.6, சாவியைத் திருப்பினேன். 'டிக்'.

அன்றைக்கு வண்டியைக் கொளுத்திவிடலாம் என்றுதான் இருந்தது. கூத்தாநல்லூரிலிருந்து வயதான எலக்ட்ரீஷியன் பாய் ஒருவரை அழைத்துவந்தேன். மீட்டரை நீட்டினால் வாங்கவே இல்லை. "சாவியத் திருப்புங்க தம்பி... விட்டு விட்டுத் திருப்புங்க" என்றார். நாலைந்து தடவை ஆனதும் உள்ளே தலையை நீட்டி, "சோக்கு பிடியத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். சூடு! சோக்கு என்பது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப டேஷ்போர்டில் இழுக்கிற வெறும் கம்பி. எஞ்சின் ஓடவேயில்லை, அது எப்படிச் சுடும்?

அவர் சொன்னது இது. எஞ்சின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு பாடியோடு எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கொடுப்பது கீழே இருக்கும் பின்னல் பட்டை ஒன்றுதான். அது செத்துவிட்டால், செல்ஃப் கேட்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வேறு வழி தேடும், சோக்கு கம்பி, ஆக்ஸிலேட்டர் கம்பி என்று கிடைத்ததில் எல்லாம் நுழையும். அந்த நூல் கம்பி எவ்வளவு தாங்கும்? பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் ஒயரைப் பிடித்துக்கொண்டு, இப்ப அடிங்க என்றார். பாதிச் சுற்றில் எடுத்தது. கீழே படுத்துப் பார்த்தால் அந்தப் பட்டை பச்சைக் களிம்பேறி, வண்டல் அப்பி, நாலைந்து இழையில் தொங்குகிறது. புதுப் பட்டை நூற்றைம்பது ரூபாய். அப்புறம் என் ஆசைக்கு மீட்டர் வைத்துப் பார்த்தேன், செல்ஃப் சுற்றும்போது மைனஸ் கம்பத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே 0.15 வோல்ட்தான் விழுகிறது. மாற்றுவதற்கு முன்னால் அளந்திருந்தால் இது எகிறி நிற்பதைப் பார்த்து, பாய் வராமலேயே தெரிந்திருக்கும்.

இரண்டு வியாதி, ஒரே சத்தம். பேட்டரி முழுசாக இருக்கும்போது அரைகுறை எர்த்திலும் எப்படியோ எடுத்துவிடும், கொஞ்சம் இறங்கினால் எடுக்காது, அதனால் புது பேட்டரி போட்டதும் எல்லாம் சரியான மாதிரி ஒரு மாயை. என்னை ஏமாற்றியது அதுதான்.

இப்போது ஏழு மாதமாக ஒரு தடவை கூட 'டிக்' இல்லை. பனிக்காலக் காலையிலும் முதல் சுற்றில் எடுக்கிறது. மாமியாரைக் கும்பகோணம் கூட்டிப்போய் வந்தேன், வழியில் டீக்கடையில் ஒரு பெரியவர் "பிளசரு நல்லா வெச்சிருக்கீங்க" என்று பானெட்டைத் தடவிவிட்டுப் போனார். 2014ல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு எர்த் பட்டை முதல் டயோடு பிளேட்டு வரை பக்கத்து ஊரிலேயே கிடைக்கிறது. வேறு என்ன வேண்டும்?

அதனால் நண்பா, வாங்காதே. உனக்குப் பொறுமை போதாது. சைக்கிள் செயின் கழன்றாலே நீ கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன். என் வண்டியை விலைக்குக் கேட்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடு.

இன்னொன்று. எதற்கும் இருக்கட்டும் என்று பேட்டரி மைனஸில் ஒரு கட்ஆஃப் சுவிட்ச் போட்டு வைத்திருக்கிறேன், ராத்திரி திருகி அணைத்துவிடுவது. நேற்றுக் காலை சாவியைத் திருப்பினேன், 'டிக்' கூட வரவில்லை, விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை. வியர்த்துப்போய் பானெட்டைத் திறந்து, மீட்டரை எடுத்து, பாய்க்குப் போன் போட்டு, அவர் எடுத்து "தம்பி, சுவிட்சத் திருகுனீங்களா?" என்று கேட்கும்வரை எனக்கு அது ஞாபகமே வரவில்லை.