மெகாபிட்டா, மெகாபைட்டா: எந்த எண்ணை நம்புவது?

பிராட்பேண்ட் திட்டமும் வேகச் சோதனைத் தளமும் மெகாபிட்டில் பேசுகின்றன. குரோம் பதிவிறக்கம் மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பின் உச்சம் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். தரவு பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக வருகிறது; ஒவ்வொன்றின் தலைப்பிலும் இருக்கும் முகவரி போன்ற விவரங்களுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் போய்விடும். கம்பி இணைப்பில் 11 மெகாபைட்டுக்கு மேல் வந்தால் நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வைஃபையில் இன்னும் குறையும்.

திட்டங்களை ஒப்பிடவும் புகார் கொடுக்கவும் மெகாபிட் போதும். காத்திருக்கும் நேரத்துக்கு மெகாபைட்தான் உதவும்: 4,000 மெகாபைட் கேமை, விநாடிக்கு 11.5 மெகாபைட் வருகிறதென்று வைத்து, 11.5-ஆல் வகுத்தால் 348 விநாடி, கிட்டத்தட்ட ஆறு நிமிடம்.

300 மெகாபிட் திட்டம் எடுத்தும் பதிவிறக்கம் 11, 12 மெகாபைட்டிலேயே நிற்கிறதா? முதலில் லேன் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட் (1,000 மெகாபிட்) வேகம் ஓட கேபிளுக்குள் உள்ள எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் போர்ட் (கேபிள் செருகும் இடம்) பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100/100 என்றிருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் அதே எண் என்றால், ரவுட்டர் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம்; மலிவான ரவுட்டர்களில் இது சகஜம்.