6,800 ரூபாய் ‘ஸ்டெயின்லெஸ்’ ரேசர்: வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

6,800 ரூபாய். கழுத்தின் இடது பக்கம் இன்னும் எரிகிறது. விற்றவர் இன்று காலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போய்த் தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன், அவர் அடுத்த ஆளைப் பிடித்துவிடுவார்.

பெயர் போடவில்லை. “பேரைப் போட்டீங்கன்னா வக்கீல் நோட்டீஸ் வரும்” என்று மிரட்டல் வந்திருக்கிறது. வகையை மட்டும் சொல்கிறேன். ரீல்ஸ் போட்டு ஆண்களுக்கான ஷேவிங் சாமான்கள் விற்கும் பக்கங்கள் இப்போது நிறைய வந்திருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. பின்னணியில் கிடார் இசை, மர மேசை, நுரை வழியும் பிரஷ், மெதுவாகச் சுழலும் ரேசர். கடை கிடையாது, முகவரி கிடையாது, ஒரு வாட்ஸாப் எண் மட்டும்தான்.

நான் இதில் புதியவன் இல்லை. மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் எல்லாம் விட்டு வருஷக்கணக்காகிறது. இரண்டு பக்கமும் கூரான பிளேடு போடுகிற பழைய பாணி சேஃப்டி ரேசர்தான் என் வழக்கம். அப்பா காலத்தில் ‘ஷேவிங் செட்’ என்பார்களே, அதேதான். என்னிடம் இருப்பது ரொம்ப சாது. கன்னத்தில் நன்றாகப் போகும். தாடைக்குக் கீழே முடி பல திசையில் வளருகிற இடத்தில் பாதியை விட்டுவிடும். விட்டதை எடுக்க மறுபடி மறுபடி இழுக்க வேண்டும், இழுத்தால் தோல் சிவக்கும். நண்பர் ஒருவர் மியூலே ஆர்41 கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஜெர்மனியில் செய்வது, சீப்புப் பல் மாதிரி அடிப்பாகம், முரட்டு ரேசர் என்று பேர் வாங்கியது. ஒரே இழுப்பில் சுத்தம். ஆனால் முடித்ததும் படிகாரம் தேட வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும், மென்மையாகவும் போக வேண்டும், சொன்ன வேலையையும் முடிக்க வேண்டும். அதற்குத்தான் தேடினேன்.

இதைக் கேட்டுத்தான் அந்த ரீல்ஸ் பக்கத்துக்காரருக்கு மெசேஜ் போட்டேன். அங்கேதான் விழுந்தது வலை.

மனிதர் விஷயம் தெரிந்தவர் போலப் பேசினார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. விலையை முதலில் சொல்லவே இல்லை. “அண்ணா, உங்களுக்குக் கழுத்துல முடி மேல பாத்து வளருதா, காதுப் பக்கமா படுத்து வளருதா?” என்று கேட்டார். எந்த பிளேடு போடுகிறேன் என்று கேட்டார். நுரை சோப்பா, கிரீமா என்று கேட்டார். பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்த்து ரேசர் வாங்காதீர்கள், பிளேடின் விளிம்பு எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதுதான் முக்கியம் என்றார். அது சரிதான். ரேசர் தலையின் மேல்மூடி விளிம்பையும் அடித்தட்டு விளிம்பையும் தொடுகிற மாதிரி ஒரு கோடு போட்டால், பிளேடு அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றால் வெட்டு வேகமாக இருக்கும், உள்ளே நின்றால் சாதுவாக இருக்கும். இடைவெளி எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது, கை நீளத்தை மட்டும் சொல்லி டெய்லரிடம் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி. இவ்வளவு நுணுக்கம் பேசுகிறவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் வீடியோ கால். கையில் ரேசர், பக்கத்தில் ஒரு காந்தம். “பாருங்கண்ணா, ஒட்டுதா? ஒட்டாது. 316 எல் ஸ்டெயின்லெஸ். முழுக் கட்டியில இருந்து சிஎன்சி கம்ப்யூட்டர் மெஷின்ல கடைஞ்சது. உங்க பேரனுக்கும் வரும்.”

ஒட்டவில்லைதான். 316 எல் வகை எஃகில் நிக்கல் அதிகம், காந்தம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒட்டாது, உண்மை. துத்தநாகத்திலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. இதை மட்டும் அவர் சொல்லவில்லை.

விலை 7,500 என்றார். கூரியரில் பணம் கட்டி வாங்கும் வசதி இல்லை, முழுப் பணமும் யுபிஐ-யில் முன்னாடியே அனுப்பினால் 6,800 என்றார். பில் கேட்டேன். “பார்சல்லயே வரும்ணா.” அனுப்பினேன். 6,800 ரூபாய்.

பார்சல் வந்தது. கனமான பெட்டி, வெல்வெட் பை, ஒரு நன்றி அட்டை. பில் இல்லை. செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச விலை, எதுவும் பெட்டியில் அச்சிடப்படவில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில்கூட இருக்கிற விவரம்.

பிளேடு போட்டு ஷேவ் செய்தேன். ஒரு பக்கத்தால் இழுத்தால் நுரை மட்டும் வழிகிறது, முடி அப்படியே நிற்கிறது. மறு பக்கத்தைத் திருப்பி அதே அழுத்தத்தில், சொல்லப்போனால் அழுத்தமே இல்லாமல், கழுத்தில் வைத்தேன். கிழித்துவிட்டது. கழுவிவிட்டு வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது, மறு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. கழற்றி மாட்டினாலும் அதே. பிளேடைத் திருப்பிப் போட்டாலும், ஃபெதர், அஸ்ட்ரா, 7 ஓ’கிளாக் என்று கைவசம் இருந்ததை எல்லாம் மாற்றிப் போட்டாலும் அதே பக்கம்தான் துருத்துகிறது. கோளாறு பிளேடில் இல்லை, தலையில். மென்மையும் வேகமும் சேர்ந்து வேண்டும் என்று கேட்டேன் அல்லவா? கேட்டதைத் தந்துவிட்டார். ஒரு பக்கம் மென்மை, ஒரு பக்கம் வேகம்!

இது சின்னக் குறை இல்லை. இந்த பிளேடு வெறும் 0.1 மில்லிமீட்டர் தகடு, தனியாக அதற்கு விறைப்பே கிடையாது. ரேசரின் தலை அதை வளைத்து இறுக்கிப் பிடிக்கும்போதுதான் விறைப்பு வருகிறது. 1904-இல் கிங் கேம்ப் கில்லெட்டுக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் உயிரே இதுதான்: மெல்லிய, மலிவான தகடு, அதற்கு உறுதி தருகிற பிடிப்பான். பிடிப்பு விளிம்புக்குப் பக்கத்தில் கெட்டியாக இருந்தால் பிளேடு அதிராது. நாம் மென்மை என்று சொல்வதில் பாதி அந்த அதிராத தன்மைதான். அதனால்தான் நல்ல ரேசர் ஒன்று வேகமாக வெட்டிக்கொண்டே மென்மையாகவும் இருக்க முடிகிறது. பிடிப்பு கோணலாக இருந்தால் எந்த பிளேடு போட்டாலும் உருப்படாது.

எங்கள் ஊர் கோயமுத்தூர். லேத்துக்கும் பவுண்டரிக்கும் இங்கே பஞ்சமே இல்லை. தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் தலையைக் கழற்றிக் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த உடனேயே சிரித்தார். “இது மிசின்ல ஏறுன பீஸே இல்லீங்ணா. டை காஸ்டிங், உருக்கி அச்சுல வார்த்தது. அச்சுல இருந்து தள்ளி எடுக்குற ஊசியோட வட்டம் உள்பக்கம் தெரியுது பாருங்க.” அடித்தட்டின் உட்புறத்தில் சின்னச் சின்ன வட்டத் தடங்கள். ஓரத்தில் அச்சு சேரும் கோடு. அரத்தால் ஒரு மூலையில் லேசாகத் தேய்த்தார். குரோம் பூச்சுக்குக் கீழே மங்கலான சாம்பல் நிறம். துத்தநாகக் கலவை.

அவர் சொன்னால் போதும். இருந்தாலும் விற்றவரிடம் காட்ட ஆதாரம் வேண்டுமே என்று வீட்டில் நானும் அளந்தேன். காபிக்காக வாங்கிய, 0.1 கிராம் வரை காட்டுகிற சின்னத் தராசு இருக்கிறது. தலையின் இரண்டு பாகமும் சேர்ந்து 33.2 கிராம். டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, இரண்டையும் நூலில் கட்டி டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 5.0 காட்டியது. அதுதான் அது விலக்கிய தண்ணீரின் அளவு. 33.2-ஐ 5-ஆல் வகுத்தால் 6.6 சொச்சம். துத்தநாகக் கலவையின் அடர்த்தி அந்தப் பக்கம்தான் வரும். 316 எல் எஃகாக இருந்தால் 8-க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். துத்தநாகக் கலவை என்றாலே மட்டம் இல்லை. ஜெர்மனியின் ஜோலிங்கனில் செய்கிற மெர்க்கூர் 34சி ரேசரின் தலையும் துத்தநாக வார்ப்பில் குரோம் பூசியதுதான், உலகம் முழுக்க நல்ல பேர் வாங்கியது. அதை யாரும் ‘கட்டி எஃகில் கடைந்தது’ என்று விற்பதில்லை. ஒழுங்கான அச்சில் வார்த்தால் பிளேடு நேராக உட்காரும். பூச்சு உரிந்தால் உள்ளே அரிக்கும், கீழே விழுந்தால் திருகுமுனை ஒடியலாம், அது தெரிந்தே வாங்குகிறோம். இங்கே எஃகு என்ற பொய்க்கும் சேர்த்துத்தான் 6,800 ரூபாய்.

இப்போது அவர்கள் சொன்ன பதில்கள். படங்களோடு மெசேஜ் அனுப்பினேன்.

முதல் பதில்: “சார், கோணம் 30 டிகிரி வச்சுப் பண்ணுங்க.” கவனித்தீர்களா, பணம் போகும்வரை அண்ணா, போனதும் சார்.

அடுத்தது: “உங்க ஸ்கின் சென்சிடிவ் போல சார். பழகப் பழகச் சரியாயிடும்.” பிளேடு கோணலாக இருப்பது என் தோல் பழகினால் எப்படிச் சரியாகும்?

அப்புறம் “பிளேடு மாத்திப் பாருங்க.” மாற்றியாயிற்று என்றால், “எங்க டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன்.” டீம் என்ன ஆயிற்று என்றால், “பேக்கிங் பாக்குற தம்பி ஊருக்குப் போயிருக்காரு.” தம்பி ஊரிலிருந்து திரும்பவே இல்லை.

ஷேவிங்கில் ஏமாற்றுகிறவனுக்கு இதுதான் பெரிய வசதி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிக்சி ஓடவில்லை என்றால் ஓடவில்லை. ரேசர் கிழித்தால் மட்டும் உன் கை சரியில்லை, உன் தோல் சரியில்லை, உன் சோப்பு சரியில்லை. ‘ஆளுக்கு ஆள் மாறும்’ என்கிற ஒரே வாக்கியத்தில் எல்லாக் குறையையும் மூடிவிடலாம். அதில் உண்மையும் கொஞ்சம் கலந்திருப்பதால் பதில் பேசவும் முடியாது. அதனால்தான் தராசு கணக்கை அனுப்பினேன். அடர்த்தி ஆளுக்கு ஆள் மாறாதே.

அதற்கு வந்த பதிலைப் பாருங்கள்: “யூஸ் பண்ண ரேசரை ரிட்டன் எடுக்க மாட்டோம் சார், ஹைஜீன் பாலிசி.” ஷேவ் செய்யாமல் ரேசர் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? ஷேவ் செய்தால் திருப்ப முடியாது. பார்சல் பிரித்த வீடியோ இருக்கிறதா என்று வேறு கேட்டார்கள். நான் கேட்டது திரும்ப 6,800 ரூபாய். அவர்கள் தந்தது அடுத்த ஆர்டரில் 500 ரூபாய் கூப்பன். இவர்களிடம் இன்னொரு ஆர்டராம்!

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று எழுதி, அவர் பெயரைக் கேட்டேன். அதற்குத்தான் வக்கீல் நோட்டீஸ் மிரட்டல். இன்று காலை பிளாக். ரீல்ஸின் கீழே நான் போட்ட கருத்தையும் அழித்துவிட்டார்கள். அதற்கு மேலே இருந்த “சூப்பர் புராடக்ட் ப்ரோ” எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

வங்கியில் கேட்டால், “நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, பொருளும் வந்திருக்கு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க.” தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். நன்றாகத்தான் பேசினார்கள். விற்றவரின் முகவரி கேட்டார்கள். அதுதானே என்னிடம் இல்லை.

எந்தத் தோலுக்கு எந்த ரேசர் என்று விரிவாக எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

காந்தம் காட்டினால் நம்பாதீர்கள். எஃகு என்று சொன்னால் அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தலையின் எடையையும் கேளுங்கள். பில் பார்சலில் வரும் என்றால் பணமும் பார்சல் வந்த பிறகு என்று சொல்லுங்கள். பெட்டியை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். முகத்தில் வைப்பதற்கு முன் பிளேடு மாட்டி மேலிருந்து பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரியவில்லை என்றால் அப்படியே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள், ஷேவ் செய்யாதீர்கள். பெட்டியில் தயாரித்தவர் முகவரி இல்லாத எதையும் 6,800 ரூபாய் கொடுத்து வாங்காதீர்கள், 680 ரூபாய்க்கும் வாங்காதீர்கள். வாட்ஸாப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள், அவர்கள் பக்கம் மெசேஜ்களை அழிக்கத் தொடங்குவார்கள், முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, பொருள் வந்து மோசமாக இருந்தால் 1915. இதே காந்த வீடியோவை வேறு யாராவது பார்த்திருந்தால், பணம் அனுப்பியிருந்தால், கீழே எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.