படிக்கப் பணம், பதிலுக்கு 60 மணி நேரம்: எங்கள் ஊர் உதவித்தொகை எப்படி இருக்கிறது?

வலங்கைமான் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். ஜூன் பிறந்துவிட்டால் கடை வாசலில் நிற்பதெல்லாம் கல்லூரியில் சேரும் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகைப் படிவம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணோடு, என் தங்கை வாங்கும் ஓர் உதவித்தொகையைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து வெளியூர் போனவர்கள் சேர்ந்து நடத்துவது இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை.

வருடத்துக்கு 15,000 ரூபாய். ஜூனில் 9,000, டிசம்பரில் 6,000. பதிலுக்கு மாணவர் ஊருக்காக வருடத்தில் 60 மணி நேரம் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

தொகையை விட அது வரும் மாதம்தான் பெரிய உதவி. டெல்டாவில் விவசாயத்தை நம்பிய வீடுகளில் காசு புழங்குவது தை, மாசியில், சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, உரம், நடவுக்கூலி என்று கையிலிருப்பதும் வயலுக்குப் போய்விடும். கல்லூரி சேர்க்கையும் சரியாக அதே நேரத்தில்தான் வருகிறது. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பது உண்மை. ஆனால் புத்தகம், ரெக்கார்டு நோட்டு, நல்லதாக நாலு சுடிதார், ஒரு போன் என்று பார்த்தால் வட்டிக்கு வாங்காமல் முடியாது. கம்மலை அடகு வைத்துவிட்டு வந்து என்னிடம் படிவம் போட்ட அம்மாக்கள் உண்டு. எங்கள் வீட்டில் அந்த நிலை வராததற்கு இந்த 9,000 ரூபாய்தான் காரணம்.

அரசு கொடுப்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் தங்கைக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் கிடையாது, அதனால் கும்பகோணம் போய்வரச் செலவே இல்லை. இரண்டும் இல்லையென்றால் அவள் மகளிர் கல்லூரியில் கணிதம் படிப்பது கஷ்டமாகியிருக்கும். ஆனால் அரசுப் பணம் வங்கிக் கணக்கோடு ஆதார் சரியாக இணைந்திருந்தால்தான் வரும். பேர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைய வேண்டும். ஊர் உதவித்தொகைக்கு ரேஷன் கார்டு நகல், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் போதும். வருமானச் சான்று கேட்பதில்லை. குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்மாவிடம் வருமானத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, பிள்ளை எந்த இடத்தில் உட்கார்ந்து படிக்கும் என்றுதான் கேட்டார்.

படிவத்தின் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ‘உங்கள் தெருவில் யாருக்கு என்ன தேவைப்படுகிறது, அதில் உங்களால் எதைச் செய்ய முடியும்?’ வேலையை அவர்கள் ஒதுக்குவதில்லை, மாணவரே சொல்ல வேண்டும். வேளாண்மை படிக்கும் ஒரு தம்பி பயிர்க் காப்பீட்டுக்கு உதவி செய்கிறான். சம்பாவுக்கு நவம்பர் நடுவில் கெடு. அதற்குள் அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் சேர்த்துப் பதிய வேண்டும். கண் மங்கிய பெரியவர்கள் சர்வே எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டு நஷ்டஈடு வரவில்லை என்று பிறகு கவலைப்படுவதை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பி முதலிலேயே வீடு வீடாகப் போய்த் தாள்களைச் சரிபார்த்து அடுக்கிக் கொடுத்துவிடுகிறான். எனக்கும் வேலை பாதியாகிறது.

தங்கை எடுத்துக்கொண்டது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வுப் பயிற்சி. இந்தத் தேர்வு பல வீடுகளில் இன்னும் தெரியவில்லை. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் மத்திய அரசு கொடுக்கிறது. நான்கு வருடத்தில் 48,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாடங்களிலிருந்து 90 கேள்வி. பாடம் பள்ளியிலேயே நடக்கிறது, ஆனால் மனத்திறன் கேள்விகளைப் பார்த்ததும் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். எண் தொடர், விடுபட்ட உருவம், கண்ணாடி பிம்பம் இதெல்லாம் கொஞ்சம் பழக்கினால் வந்துவிடும். தங்கையும் இதே தேர்வு எழுதித் தேறியவள்தான். எங்கே தடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் அவளிடம் படித்த இரண்டு பிள்ளைகள் தேறினார்கள். அதில் ஒரு பிள்ளையின் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். ரிசல்ட் வந்த அன்று சேற்றுக் காலோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டுக்குக் கொடுத்த உதவித்தொகை இன்னும் இரண்டு வீட்டுக்கு உதவித்தொகை வாங்கித் தந்திருக்கிறது. இந்த 60 மணி நேர நிபந்தனையை நான் முழு மனதோடு ஆதரிப்பதற்கு அதுதான் காரணம்.

வகுப்பை முதலில் கோயில் மண்டபத்தில் வைத்தார்கள். காலனித் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஏன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தங்கை குழுவிடம் நேரடியாகச் சொன்னாள். அந்த வாரமே பள்ளிக்கூட அறைக்கு மாற்றிவிட்டார்கள், அப்புறம் எல்லாத் தெருவிலிருந்தும் வந்தார்கள். பணம் வாங்குகிற பெண் சொன்னதைப் பணம் கொடுக்கிறவர்கள் கேட்டார்கள். இதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு.

அரியர் விஷயத்திலும் நல்ல விதி வைத்திருக்கிறார்கள். ஒரு தாளில் தவறினால் உடனே நிறுத்துவதில்லை. கூப்பிட்டுப் பேசி, அடுத்த செமஸ்டர் வரை பொறுக்கிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு விதி வைக்காமல் இருக்க முடியாது. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் அந்த உதவியை இழந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுக்க முன்வந்தது 1913-ல். நடுவில் எத்தனை வருடம்! ஒரு தாளை வைத்து ஒரு பிள்ளையின் கணக்கை முடிக்கக் கூடாது.

இனி குறைகள். பட்டப்படிப்புக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குக் கிடையாது. இது சரியில்லை. எங்கள் தெருவில் எலக்ட்ரீஷியன் படிக்கும் பையன் பள்ளிக்கூடத்து மோட்டாரையும் ஃபேனையும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கிறான். ஊருக்குத் திரும்பச் செய்வது என்றால் இதுதானே? அவனுக்கு ஒரு ரூபாய் இல்லை. குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார்கள்.

கோவையிலும் சென்னையிலும் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு 60 மணி நேரம் பெரும் சிரமம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிறவர்கள் எப்படி முடிப்பார்கள்? போன் வழியாகப் பாடம் சொன்னால் கணக்கில் சேர்க்க மறுக்கிறார்கள். கோடை விடுமுறையில் மொத்தமாகச் செய்யவாவது அனுமதிக்க வேண்டும்.

அப்புறம், ஆண்டு விழாவில் மேடையில் நிறுத்திக் காசோலை அட்டையோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. தங்கைக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும்தான். பணம் நேராகக் கணக்கில்தான் வருகிறது, அப்புறம் எதற்குப் படம்? பிள்ளை வகுப்பு எடுக்கும்போது எடுத்துப் போடுங்கள், சந்தோஷமாக நாங்களே பகிர்வோம்.

கணக்கு வழக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருந்து வருவதும், அறுவடையின்போது களத்திலேயே ஒரு மூட்டை என்று ஊர்க்காரர்கள் கொடுப்பதும் தனித்தனியாக எழுதி நூலகச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள்.

எங்கள் பள்ளியில் படித்தவர்கள் தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள். பக்கத்து ஊர்களில் இப்படி ஒன்று தொடங்க நினைப்பவர்கள் வந்து அந்தப் படிவத்தை வாங்கிப் பாருங்கள், நகல் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊர்ப்புற நூலகத்தில் படிவம் கிடைக்கும், மே கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். கல்லூரியில் இடம் உறுதியாகாவிட்டாலும் பரவாயில்லை, சேர்க்கை ரசீதைப் பிறகு கொடுக்கலாம். வங்கிப் புத்தக நகலில் ஐ.எஃப்.எஸ்.சி. எண் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.