கியர்பாக்ஸை இறக்க விடுவதற்கு முன் "ஸ்கேனரில் கோடு நம்பர் என்ன வந்தது" என்று கேளுங்கள்

கோயம்புத்தூரில் பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். 62,000 ரூபாயும் 26 நாளும் போன ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

எங்களுடையது 2011 மாடல் சின்ன கார், நாலு கியர் ஆட்டோமேட்டிக். அப்பாவுக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது, அதற்காகவே தேடி வாங்கியது. போன மார்கழியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும்போது திடீரென்று ஒரு உதை. அதற்கப்புறம் சிக்னலில் நின்று எடுத்தால் வண்டி முக்கி முக்கி நகர்கிறது, 80-ஐத் தொட்டால் இன்ஜின் கத்துகிறது, கியர் மாறவே இல்லை. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும், அப்புறம் திரும்பவும் உதை.

அந்தப் பத்து நிமிடத்திலேயே விஷயம் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. கியர்பாக்ஸைக் கவனிக்கும் கம்ப்யூட்டருக்கு முக்கியமான ஒரு சென்சாரிலிருந்து தகவல் வராமல் போனால், பெட்டிக்குச் சேதம் வரக்கூடாது என்று ஒரே கியரில் பிடித்து வைத்துக்கொள்ளும், இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் மூன்றாவதில். லிம்ப் மோட் என்பார்கள். சாவியை அணைத்துப் போட்டால் பல நேரம் விட்டுவிடும். பெட்டிக்குள் இருக்கிற கிளட்ச் பிளேட் எரிந்துவிட்டது என்றுதான் எனக்குச் சொன்னார்கள். எரிந்துபோன பிளேட் சாவியைத் திருப்பினால் சரியாகுமா?

ஒர்க்‌ஷாப்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பழுது நம்பரை, அதாவது கோடை, படிக்கிற ஸ்கேனரைச் செருகவில்லை. கியர் ஆயில் குச்சியை உருவிக்கூடப் பார்க்கவில்லை. பிளேட் எரிந்திருந்தால் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வரும், எங்கள் வண்டியில் அது சிவப்பாகவே இருந்தது. "பிளேட்டெல்லாம் எரிஞ்சு போச்சுங்க சார், இறக்கித்தான் ஆகணும், இப்படியே ஓட்டினா மொத்தப் பெட்டியும் போயிரும்" என்றார். பயந்துபோய் அன்றைக்கே 40,000 அட்வான்ஸ் கொடுத்தேன், எஸ்டிமேட்டை எழுதிக்கூட வாங்கவில்லை.

26 நாள் கழித்து மீதி 22,000 கட்டி வண்டியை எடுத்தேன். கழற்றிய பிளேட் என்று ஒரு கவரில் போட்டும் கொடுத்தார்கள். காந்திபுரம் தாண்டுவதற்குள் அதே உதை. போன் போட்டால், "அப்போ கம்ப்யூட்டரும் போயிருக்கும், இன்னும் 30,000 ஆகுங்க" என்கிறார்.

நண்பர் சொல்லி போத்தனூரில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "கோடு என்னங்க வந்துச்சு?" அப்படி ஒன்றை யாரும் பார்க்கவே இல்லை என்றதும் பேசாமல் ஸ்கேனரைப் போட்டார். பி0717. பெட்டிக்குள் வரும் ஷாஃப்டின் வேகத்தை அளக்கிற சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை. ஒயரையும் கனெக்டரையும் மீட்டர் வைத்துப் பார்த்தார், அவை நன்றாக இருந்தன, சென்சார்தான் போயிருந்தது. அது பெட்டிக்கு வெளியே ஒரே போல்ட்டில் நிற்கிற சாமான். கூலியோடு 3,200 ரூபாய். அன்றிலிருந்து உதை இல்லை.

அப்புறம் டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினோடு பெட்டியைச் சேர்க்கிற போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட புதுத் தடம் இருக்கிறது, ஆனால் பெட்டி மூடியின் ஓரத்தில் பழைய சீலன்ட் (ஆயில் கசியாமல் மூடியை ஒட்டுகிற பசை) அழுக்கேறி அப்படியே கிடக்கிறது. திறந்திருந்தால் புது சீலன்ட் போடாமல் மூட முடியாது. இறக்கியிருக்கிறார்கள், திறக்கவே இல்லை! கவரில் இருந்த பிளேட் எந்த வண்டியுடையதோ.

உங்கள் வண்டிக்கு இப்படி வந்தால் கோடு நம்பரை எழுதி வாங்குங்கள். பி0700 என்று மட்டும் சொன்னால் போதாது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம், அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்க்கிற ஸ்கேனர் வேண்டும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தும் புகார் பதியலாம், நான் பதிந்துவிட்டேன். அந்தப் பிளேட் கவரைத் தூக்கி எறியப் போனேன், அப்பாதான் தடுத்தார். இப்போது பில், சீலன்ட் படம், ஸ்கேன் பிரிண்ட் எல்லாவற்றோடும் அதுவும் பத்திரமாக இருக்கிறது.