பிளக்கைப் பார்ப்பதா, கேஜ் வைப்பதா?

குளச்சல், முட்டம் பக்கம் வள்ளத்தின் பின்னால் மாட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜினில் இழுவை குறைந்தால் முதலில் கழற்றுவது ஸ்பார்க் பிளக்கைத்தான். செலவில்லை, ஒரு ஸ்பேனர் போதும். நுனி வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு அதிகம், அல்லது கலவையில் எரிபொருள் போதவில்லை. ஈரமாகக் கறுத்திருந்தால் எரிபொருளோ ஆயிலோ மிகுதி. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினில் கரி எப்படியும் படியும். போதாததற்கு, துறைமுகத்துக்குள் மெல்ல ஊர்ந்து வந்தபின் கழற்றினால் அந்த ஊர்தலின் கரியைத்தான் பார்ப்போம். முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே அணைத்துக் கழற்றினால்தான் நிறத்தை நம்பலாம். ஆடும் வள்ளத்தில் அதற்கு யாருக்குப் பொறுமை?

பிளக் துளையில் மாட்டி சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லாப் பிளக்கையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து கயிற்றை இழுங்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் ரிங், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் பக்கம் கோளாறு. கார்புரேட்டரைக் கழுவி நேரம் போக்க வேண்டாம். கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்று புகாமல் தடுக்கும் கிராங்க் சீலின் கசிவைக் கேஜ் காட்டாது, வெளுத்த பிளக்தான் காட்டிக்கொடுக்கும்.

பழைய என்ஜின் வாங்கப் போகிறவர்கள் கேஜ் இல்லாமல் போகாதீர்கள். விற்பவர் பிளக்கை நேற்றே மாற்றியிருப்பார்.